நான் படித்த குண்டுப் புத்தகம்

இந்தக் கோடை விடுமுறையில் என் குடும்பத்தை அறிவாளிக் குடும்பமாக மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் பிறந்த இடம் குளியலறை. என் பெரிய தீர்மானங்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கும், தலையைத் துவட்டி முடிப்பதற்குள் காய்ந்தும் போய்விடும். இது மட்டும் காயவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளின் விடுமுறையும் பெரிய கால்பந்துப் போட்டியும் ஒரே வாரத்தில் தொடங்கின. எங்கள் வீட்டில் டிவி ஒன்று, அதற்குச் சொந்தக்காரர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் நான் இல்லை. பதினைந்து வயதுப் பெரியவள் பாட்டுப் போட்டி பார்ப்பாள். பத்து வயது நடுவுள்ளவன் பாம்பு பிடிப்பவர்களைப் பார்ப்பான். ஐந்து வயதுக் குட்டி, ஒரே கார்ட்டூனை அது மனப்பாடமான பிறகும் பார்ப்பாள். என் மனைவி செய்தி பார்ப்பாள். செய்தி முடிந்ததும் அதே செய்தியை இன்னொரு சேனலில் சரிபார்ப்பாள். இவர்கள் கையில் ஆளுக்கொரு புத்தகத்தைத் திணித்து உள் அறைக்கு அனுப்பிவிட்டால், ஹாலும் சோபாவும் டிவியும் எனக்கு. அறிவு அவர்களுக்கு, கால்பந்து எனக்கு. இதைவிட நியாயமான பங்கீடு உண்டா?

சாப்பிடும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தேன். இந்த விடுமுறை முழுக்க, மாலை ஆனால் எல்லோரும் படிக்க வேண்டும். விடுமுறையின் கடைசி நாள் அவரவர் படித்த கதையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். படிக்காமல் ஏமாற்றியவர்கள் அடுத்த விடுமுறை வரை ரிமோட்டைத் தொடக்கூடாது. கடைசிச் சட்டத்தைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்பீரமாகவே இருந்தது.

"நல்ல யோசனைங்க" என்றாள் மனைவி.

அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் யோசனை எதையும் அவள் முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டதில்லை. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அவள் கை பட்டால் எப்படிப்பட்ட முழங்காலும் மடங்கும் என்று அங்கே பெயர். வீட்டில் எங்கள் முழங்கால்கள் அவள் கை படுவதற்கு முன்பே மடங்கிவிடும்.

மறுநாள் ஐந்து பேரும் நூலகத்துக்குப் போனோம். புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தொழில் முறையில் எனக்கு அதற்குத் தகுதி உண்டு. நான் கண் பரிசோதித்துக் கண்ணாடி செய்து கொடுப்பவன். காலையிலிருந்து மாலை வரை ஊரில் உள்ள அத்தனை பேரையும் படிக்க வைப்பவன். "கடைசி வரியைப் படிங்க" என்று நான் சொல்லாத நாளே கிடையாது.

குட்டியை ஒரு முக்காலியில் உட்கார வைத்தேன். அவள் முகத்துக்கு நேரே ஒரு புத்தகத்தைப் பிடித்து, இது நல்லா இருக்கா என்றேன். எடுத்துவிட்டு இன்னொன்றைப் பிடித்து, இல்லை இது நல்லா இருக்கா என்றேன். மறுபடி முதல் புத்தகம். மறுபடி இரண்டாவது. கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போடும்போது ஆட்கள் என்ன சொல்வார்களோ அதையேதான் அவளும் சொன்னாள். ரெண்டும் ஒண்ணுதான்பா.

நடுவுள்ளவனுக்கு 'மின்சாரம் நம் நண்பன்' என்ற மாதிரி ஒன்றை நீட்டினேன். அவன் அதை ஷாக் அடித்தவன் போல வாங்கி அலமாரியிலேயே வைத்துவிட்டான். பெரியவளுக்குச் சாதனையாளர்களின் வாழ்க்கை வரலாறு. அவள் அட்டையில் இருந்த தாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வயதில் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு தனிப் பயிற்சி எடுத்துக்கொள்கிறார்கள்.

மனைவி வந்தாள். அவள் வழி வேறு. மூன்று பேரையும் அவரவருக்குப் பிடித்த அலமாரிக்குப் போகச் சொன்னாள். ஏதாவது ஒன்றை எடுத்து நின்றபடியே ஒரு பக்கம் படிக்கச் சொன்னாள். அம்மா கூப்பிட்டது காதில் விழாமல் யார் எந்தப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புகிறார்களோ, அதுதான் அவர்களுடைய புத்தகம். நடுவுள்ளவன் ஒரு பேய் பங்களாவுக்குள் நுழைந்தான். மூன்று தடவை கூப்பிட்டும் வெளியே வரவில்லை. பெரியவள் ஒரு கொலையில் மூழ்கினாள். குட்டிக்குப் படிக்கத் தெரியாது. அவள் ஒரு யானைப் படத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"நீங்க எதைப் படிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

நானா என்றேன். ஆமாம், அப்பாவும் படித்தால்தானே பிள்ளைகள் படிக்கும் என்றாள். நூலகர் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். மானம் போகாமல் இருக்க, கண்ணில் பட்டதிலேயே குண்டான புத்தகத்தை உருவினேன். கலங்கரை விளக்கம் காக்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையாம். செங்கல் கனம் இருந்தது. பெரியவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "இவ்வளவு பெரிசாப்பா?" என்றாள்.

அந்தக் குரலில் ஒரு மரியாதை இருந்தது. அதை நான் ரொம்ப நாளாகக் கேட்டிருக்கவில்லை. அவளுடைய சின்ன வயதில் நான் பல்பு மாற்றினால்கூட அவள் கை தட்டுவாள். இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் தூக்கிய புருவம்தான் பதில். அந்த மரியாதைக்காக இன்னும் ஒரு செங்கலைக்கூடத் தூக்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வழக்கப்படி எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்பு அட்டை போட்டாள். எங்கள் வீட்டுக்குள் வரும் புத்தகம் எதுவானாலும் அட்டை போடாமல் யாரும் தொடக்கூடாது. இரவல் புத்தகத்தில் எண்ணெய்க் கை பட்டால் அவளுக்கு ஆகாது. அட்டை போட்ட பிறகு எல்லாப் புத்தகமும் ஒரே யூனிபார்மில் வரிசையாக நின்றன. என்னுடையதை அதன் தொப்பையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

முதல் மாலை. நீங்கள் எல்லோரும் உள் அறையில் அமைதியாகப் படியுங்கள், நான் ஹாலில் இருந்து மேற்பார்வை பார்க்கிறேன் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். உள் அறையில் புழுக்கமாக இருக்கிறது, எல்லோரும் ஹாலிலேயே படிக்கலாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். கையோடு ஒரு படுக்கை விரிப்பை எடுத்து டிவியைப் போர்த்தி மூடினாள். உள்ளே இருபத்திரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். 

ஆனால் மூளை என்று ஒன்று எனக்கும் இருக்கிறதே. புத்தகத்தை ஏன் குண்டாக எடுத்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. நடுப்பக்கத்துக்குப் பக்கமாக எங்கோ திறந்தேன். எழுத்தெல்லாம் பொடியாக இருந்தது. போனை வைத்து, கீழே விழாமல் ஒரு கிளிப்பும் போட்டேன். சத்தத்தை அணைத்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன். கால்பந்துக்குக் காது எதற்கு, கண் போதும். சோபாவில் சாய்ந்து, புத்தகத்தை நெஞ்சில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன். இந்தக் கண்ணாடி என் கடையைவிட வயதானது. வருகிறவர்களுக்கெல்லாம் கண் கூசாத, வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாத, பளபளக்காத கோட்டிங் போட்ட லென்ஸை வற்புறுத்தி விற்பவன் நான். என் கண்ணாடிக்கு மட்டும் அது கிடையாது. ஒரு நாள் போட்டுக்கொள்ளக்கூடாதா என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதி. பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான். இரண்டு மூன்று நாளில் இன்னொரு மாற்றத்தையும் கவனித்தேன். தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த நடுவுள்ளவன், சமையலறையில் இருந்த உயரமான ஸ்டூலை இழுத்து வந்து என் எதிரே போட்டுக்கொண்டான். பெரியவள் சாப்பாட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்தாள். மற்ற நாளாக இருந்தால் இறங்கு கீழே என்று சத்தம் போட்டிருப்பேன். படிக்கிற பிள்ளையை எப்படித் திட்டுவது? அவ்வப்போது நான் தலை நிமிர்ந்தால், இருவரும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பெருமூச்சு விட்டால் அவர்களும் பெருமூச்சு விட்டார்கள். அப்பா படிப்பதில் பிள்ளைகளுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

அரையிறுதி அன்று, என் அணியின் கோல்கீப்பர் கைக்குள் வந்த பந்தைக் கோட்டை விட்டான். என்னையும் மீறி அய்யோ என்று கத்திவிட்டேன். கண் கலங்கிவிட்டது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

"மூத்த மகன் போயிட்டான்."

"எப்படி?"

"கை நழுவிடுச்சு."

"பாவம்" என்றாள். "எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்" என்றேன், பந்து போன திசையை நினைத்துக்கொண்டே. அவள் தலையாட்டிவிட்டுத் துணியை மடித்தாள். நடுவுள்ளவன் ஸ்டூலில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தை மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் குட்டி ரூபத்தில் வந்தது. யானைப் புத்தகம் அவளுக்கு நாலே நாளில் அலுத்துவிட்டது. நீ படிக்கிறதை எனக்குச் சொல்லு என்று தினமும் தூங்குவதற்கு முன் பிடித்துக்கொண்டாள். நான் எதைச் சொல்வேன்? அன்றன்று பார்த்த ஆட்டத்தைச் சொன்னேன். கலங்கரை விளக்கத்தைக் காப்பவருக்குப் பதினொரு பிள்ளைகள். எதிர்க் கரையில் ஒரு கொள்ளைக்காரன், அவனுக்கும் பதினொரு பிள்ளைகள். நடுவில் ஒரு மந்திர முத்து. அதைக் கையால் தொட்டால் கை கல்லாகிவிடும், காலால்தான் உதைக்க வேண்டும். ஒருவனுக்கு மட்டும் மந்திரக் கையுறை உண்டு. மஞ்சள் சட்டைக்காரனை எதிர்க் கரை ராட்சசன் ஒருவன் தள்ளிவிட்டதும் அவன் உருண்டு உருண்டு அழுதான் என்று சொன்னபோது, உண்மையிலேயே அடி பட்டதா என்று குட்டி கேட்டாள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை என்று சொல்லித் தூங்க வைத்தேன்.

இதற்கிடையில் ஒரு நாள் பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா வாசலில் பெரியவளிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, உங்கள் வீட்டில் மட்டும் எப்படி என்று கேட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"எங்கப்பா புத்தகத்தை எடுத்தாப் போதும் அக்கா. நாங்க எல்லாரும் அவர் முகத்தையே பாத்துட்டு உக்காந்துடுவோம்" என்றாள் பெரியவள்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நிமிடமே பயமும் வந்தது. விடுமுறை முடிய ஒரு வாரம்கூட இல்லை. கடைசி நாள் நான் எழுந்து நின்று கதை சொல்ல வேண்டும். பெரியவள் கேள்வி கேட்பாள். கொலைக்கதை படித்துப் படித்து அவள் இப்போது யாரையும் துருவி எடுக்கிற நிலைமையில் இருக்கிறாள். ரிமோட் போனால் போகட்டும். அந்தப் பழைய புருவம் திரும்பி வந்துவிடுமே என்பதுதான் என் கவலை. ஒரு கோடைக்காலம் முழுக்க அப்பா தன்னை ஏமாற்றினார் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கிற எல்லா பல்பையும் மாற்றினாலும் பிரயோசனம் இல்லை.

படித்துவிடலாம் என்றால் இறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அது முடிந்தபோது கையில் மிச்சம் இருந்தது கடைசி நாள் மட்டும்தான். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நேராக நூலகத்துக்கு ஓடினேன். நூலகர் என்னிடம் கண்ணாடி வாங்கியவர், சொல்லமாட்டேன் என்று மறுக்கமாட்டார். அந்தக் கலங்கரை விளக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சார், அந்தப் புத்தகத்தை உங்க வீட்டம்மா எப்பவோ படிச்சு முடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்களே. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அப்படியானால் நான் இத்தனை நாளாக நெஞ்சில் நிறுத்தி வைத்திருந்தது என்ன?

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த குண்டுப் புத்தகத்தை எடுத்து, கிளிப்பைக் கழற்றி, முதல் பக்கத்தை முதல் தடவையாகத் திறந்தேன். ஒரு எலும்புக்கூடு என்னைப் பார்த்து இளித்தது. என் மனைவி படித்த காலத்துப் பாடப்புத்தகம். எலும்பும் மூட்டும், பாகம் ஒன்று.

சமையலறையில் அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தைக் கையில் ஏந்தியபடி வாசற்படியில் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"திறந்துட்டீங்களா?" என்றாள்.

"எப்ப மாத்தினே?"

"அட்டை போட்ட அன்னிக்கே. கதையை நான் படிக்கணும்னு ஆசைப்பட்டேன். உங்களுக்கு எது குடுத்தாலும் ஒண்ணுதானே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எப்ப கண்டுபிடிப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன். முதல் நாளே கேப்பீங்கன்னு நெனைச்சேன். ரெண்டாம் நாள், மூணாம் நாள்... அப்புறம் விட்டுட்டேன்." டீயை வடிகட்டினாள். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைங்க. அன்னிக்குக் கண் கலங்கினீங்களே. முழங்கால் மூட்டுப் பாடத்துல மூத்த மகன் எப்படிச் செத்தான்?"

 நான் குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளிடம் சொல்லிவிடுவாயா என்றேன். ரிமோட்டை நீயே வைத்துக்கொள், பெரியவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றேன். அவள் டீயை என் கையில் கொடுத்தாள்.

"உங்க முறை வரட்டும். அப்பப் பாக்கலாம்" என்றாள். ஆஸ்பத்திரியில் வலிக்குமா என்று கேட்பவர்களிடமும் அவள் இதே குரலில்தான் பேசுவாள்.

மாலை வந்தது. ஐந்து பேரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்தோம். பெரியவள் தன் கொலையைச் சொன்னாள், தோட்டக்காரனைத் தவிர எல்லோர் மேலும் எங்களைச் சந்தேகப்பட வைத்துவிட்டுக் கடைசியில் தோட்டக்காரனைப் பிடித்தாள். நடுவுள்ளவன் தன் பேயைச் சொல்லி, சொல்லும்போதே தானும் கொஞ்சம் பயந்துகொண்டான். எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. 

அடுத்து குட்டி எழுந்தாள். யானையைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கையை விரித்து, ஒரு ஊர்ல ஒரு கலங்கரை விளக்கம் இருந்துச்சாம் என்று ஆரம்பித்தாள். பதினொரு பிள்ளைகள், எதிர்க் கரை, மந்திர முத்து, கையுறை, ஒன்று விடவில்லை. உருண்டு அழுத மஞ்சள் சட்டைக்காரனைத் தரையில் உருண்டே காட்டினாள். இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடம் முத்து வலைக்குள் போனதைச் சொன்னபோது அண்ணனும் அக்காவும் கை தட்டினார்கள். ஒரு கதையாக அதை முழுதாகக் கேட்டபோது எனக்கே பிடித்திருந்தது.

"இப்ப அப்பா" என்றான் நடுவுள்ளவன்.

நான் எழுந்தேன்.  பெரியவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மடியில் பழுப்பு அட்டை போட்ட அந்தக் குண்டுப் புத்தகம் இருந்தது. அவள் அதைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அதைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "அப்பா கதையைத்தான் குட்டி சொல்லிட்டாளே. அப்புறம் அவர் எதைச் சொல்றது? அப்பா பாஸ்" என்றாள்.

"ஆமாப்பா, சூப்பர் கதை" என்றாள் பெரியவள். புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இறுக்கிப் பிடித்த செருப்பைக் கழற்றியது போல இருந்தது எனக்கு. சோபாவில் விழுந்தேன். என் மனைவி மாதிரி ஒருத்தி உலகத்தில் கிடையாது. இனி அவள் எந்தச் செய்தியை எத்தனை சேனலில் சரிபார்த்தாலும் நான் வாய் திறப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். அடுத்த விடுமுறையில் அந்தக் கலங்கரை விளக்கத்தை நிஜமாகவே படித்துவிடுவது என்றும் தீர்மானித்தேன். இந்தத் தடவை குளியலறையில் இல்லை, நடு ஹாலில்.

சந்தோஷத்தில் நான் எல்லோருக்கும் ஒரு பரிசு அறிவிக்க வாயெடுத்தேன். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இத்தனை நாள் கண் வலிக்க வலிக்கப் படிச்சாரு அப்பா. நாளைக்கே அவர் கண்ணாடிக்கு அந்தப் பளபளக்காத கோட்டிங் போட்டுடலாம். என்ன சொல்றீங்க?"

மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். நான் திகைத்துப் போனேன். பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். நடுவுள்ளவன்தான் பாவம், நிஜமாகவே பதறிப்போய்ச் சொன்னான்.

"வேணாம்மா, அப்புறம் நாங்க மேட்ச்சை எதுல பாக்கறது?"